மேற்குச் சுவரின் உள்ளே

அண்ணன் தன் வீட்டுச் சுவருக்குள் எட்டிப் பார்த்த அந்த முற்பகல் இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. திருச்சியிலிருந்து வந்திருந்தவர் இரண்டு செங்கற்களுக்கு நடுவே சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே விட்டிருந்தார். கம்பியின் நுனியில் மிளகளவு கேமராவும் ஒரு விளக்கும். உள்ளே இருந்ததெல்லாம் அவருடைய செல்போனில் தெரிந்தது. அண்ணன் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போடச் சொல்லி, கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். முப்பது வருடத்துக்கு முன்னால் தானே நின்று கட்டிய சுவரை அன்றுதான் உள்பக்கமாகப் பார்க்கிறார். உதிர்ந்து கிடந்த கலவைக் கட்டிகள், ஒரு பல்லியின் எலும்புக்கூடு, அதற்கு மேலே குழாய் எதுவும் இல்லாமல் அப்படியே தொங்கிய மின்சார ஒயர்கள்.

“அது நான் பண்ணுன வேலைதான்” என்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

அண்ணன் வாய்க்கால்களையும் மதகுகளையும் பார்த்துக்கொள்ளும் ஓவர்சியராக இருந்தவர். எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டு அறுத்தவர்கள். கூரை வீட்டைத் தவிர வேறு வீடு அறியாதவர்கள். பூதலூரில் எங்கள் குடும்பத்தின் முதல் செங்கல் வீடு அண்ணன் கட்டியது. செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து, உள்வரிசைக்கும் வெளிவரிசைக்கும் நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறையை எங்கேயோ பயிற்சிக்குப் போனபோது கற்று வந்திருந்தார். எலிப்பொறிக் கட்டு என்பார்கள். கல் குறைவாகச் செலவாகும், நடுவில் நிற்கும் காற்று வெயிலை உள்ளே விடாது என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்குவார். அவர்கள் சுவரைத் தட்டிப் பார்த்து, “என்னங்க, உள்ள ஒண்ணுமில்லாத மாதிரி சத்தம் கேக்குது” என்பார்கள். அண்ணன் சிரித்துக்கொள்வார்.

அவர் சொன்னது பொய்யில்லை. மேற்கே மூன்று வேப்பமரங்கள் நின்றவரைக்கும் அந்த வீடு குளிர்ச்சியாகத்தான் இருந்தது. ஒரு புயலில் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. அடுத்த கோடையிலிருந்து மதியம் இரண்டு மணிக்கு மேல் மேற்குச் சுவரில் கை வைக்க முடியாது. அந்தச் சுவருக்கு இந்தப்பக்கம்தான் அண்ணனின் கட்டில். கழிவறை அந்த அறையை ஒட்டி இருந்ததால் அவரை வேறிடம் மாற்றவும் முடியவில்லை.

வெயில் மட்டும் என்றால் ஊரே தாங்குவதை அவரும் தாங்கியிருப்பார். ஆனால் அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துவிட்டிருந்தன. வாரத்துக்கு மூன்று நாள் தஞ்சாவூருக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவோம். குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும் என்பதால் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் குடிக்கலாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சித்திரை மாதத்தில், அந்த அறையில், முக்கால் லிட்டர். வாய் கொப்பளித்துத் துப்புவார். ஈரத்துணியை உதட்டில் வைத்துக்கொள்வார். ஏசியைப் போட்டால் உடம்பெல்லாம் நடுங்குகிறது என்று அணைக்கச் சொல்வார். மகளைக் கட்டிக்கொடுத்து அவள் மெட்ராஸ் போய்விட்டாள்; கணவர் இறந்த பிறகு நான் அண்ணனோடு வந்து இருந்தேன். அவருக்கு நான், எனக்கு அவர். மதியம் முழுக்க அந்தச் சுவரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு ஓரிடத்தில் உட்கார முடியாமல் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருப்பேன்.

சுவரின் வெற்றிடத்தில் நுரையை அடைக்கும் யோசனை அண்ணனுடையது. இரண்டு ரசாயனங்களைக் கலந்து சின்ன ஓட்டை வழியாகச் செலுத்தினால் அது உள்ளே பொங்கி, இடத்தை நிறைத்து, கெட்டியாகிவிடும்; வெயிலின் சூடு உள்ளே வருவது குறையும் என்று படித்துவிட்டு அவர்தான் திருச்சிக்காரருக்குப் போன் செய்தார். வந்தவர் நேர்மையாகத்தான் பேசினார்.

“சார், பாதி சூடு உங்களுக்கு மேல மாடியிலேர்ந்து எறங்குது. மொதல்ல அதுக்கு வெள்ளை அடிங்க. இந்தக் கட்டுல ஒவ்வொரு பொந்துக்கும் தனித்தனியா ஓட்டை போடணும். ஒயரு இப்படிக் கெடக்கையில நுரைய அடிச்சா அதோட சூடு வெளிய போகாது. ஒயரை வெளிய எடுத்துக் குழாய்ல விட்டுட்டுச் சொல்லுங்க, வந்து அடிச்சுத் தர்றேன்.”

அன்று ஆரம்பித்தது என் யோசனை. ஒயர் ஒரு காரணமாகக் கிடைத்தது, அதைப் பிடித்துக்கொண்டேன். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். ஐப்பசி மழையில் செங்கல் குடிக்கிற ஈரம் நுரையில் தங்கிவிடாதா? கரையான் உள்ளே கூடு கட்டினால் யாருக்குத் தெரியும்? தீப்பிடித்தால்? வாடை எத்தனை நாள் இருக்கும்? ஒரு முறை அடைத்தால் திரும்ப எடுக்க முடியாதே? அண்ணனோடு வேலை பார்த்த இன்ஜினியர்களை எல்லாம் விசாரித்தேன். ஒருவர் செய்யலாம் என்றார், ஒருவர் நம் ஊருக்கு ஆகாது என்றார். மாடிக்கு வெள்ளை அடித்தேன். சுவருக்கு ஒரு முழம் தள்ளி மூங்கில் நட்டுத் தென்னங்கீற்றைக் கட்டினேன். அறை கொஞ்சம் தணிந்தது. அண்ணன் “இப்ப பரவால்ல” என்றார். எனக்காகச் சொன்னாரோ என்னவோ.

எலக்ட்ரீஷியன் ஒயர் மாற்ற நாள் கேட்டபோது அடுத்த மாதம் பார்க்கலாம் என்று நான் தள்ளினேன். அன்று சாயங்காலம் அண்ணனிடம் மறுபடியும் கரையானைப் பற்றி ஆரம்பித்தேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்:

“நீ சொல்றது சரிதான் பாப்பா. எனக்கப்புறம் இதுல இருக்கப்போறவ நீ. ஒனக்குத் தோதா பாரு.”

அவர் குரலில் கோபமில்லை. ஆனால் எனக்கு முகம் சுட்டது. பத்து வருடம் கழித்துச் சுவர் என்னவாகும் என்று நான் கேட்ட கேள்வி எதிலும் அவர் இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது அடுத்த வாரத்து மதியம். நான் கணக்குப் போட்டதெல்லாம் அவர் இல்லாத வருடங்களுக்கு. “அப்படியெல்லாம் ஏண்ணே பேசுறீங்க” என்று அதட்டிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். மறுநாளே எலக்ட்ரீஷியனை வரச் சொன்னேன். அவருக்கு வேறு வேலை இருந்ததால் ஆடிக்குப் பிறகுதான் வந்தார். ஒயரெல்லாம் குழாய்க்குள் போய்ச் சேர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஈரச் சுவரில் அடிக்கக் கூடாது என்பதால் வேலை நின்றது.

ஐப்பசியில், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த ஒரு மதியம், அண்ணன் காரிலேயே தலை சாய்ந்து போய்விட்டார். அன்றைக்கு நல்ல மழை. அவரைக் கிடத்தியிருந்தபோது மேற்குச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். சில்லென்று இருந்தது.

துக்க வருடம் என்று பொங்கலுக்கு நான் எங்கும் போகவில்லை. தை பிறந்து பத்து நாளிருக்கும், திருச்சிக்காரர் இயந்திரத்தோடும் இரண்டு ஆட்களோடும் வாசலில் வந்து நின்றார். அண்ணன் தவறிய சேதி அவருக்குத் தெரியாது. சொன்னதும் தலைக்குல்லாவை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“சார்தான் தைல வரச் சொன்னாங்க மேடம். மழ விட்டுச் செவுரு காய்ஞ்சிரும்னாங்க. இந்த வாடை பாப்பாவுக்கு ஒத்துக்காது, பொங்கலுக்கு அவ மெட்ராஸுக்கு மக வீட்டுக்குப் போயிருவா, அப்ப வந்து முடிச்சிருங்கன்னாங்க.”

“எப்பச் சொன்னாரு?”

“தீபாவளிக்கு மொத வாரம்.”

அவர் போவதற்குப் பத்து நாள் முன்பு. அடுத்த கோடைக்கு அண்ணன் தயாராகிக்கொண்டிருந்திருக்கிறார். தனக்குப் பிறகு என்று என்னிடம் சொன்னவர், தான் இருக்கப்போவதாகத்தான் நினைத்திருந்தார். இருக்க மாட்டார் என்று வைத்துக்கொண்டு யோசித்தவள் நான் ஒருத்திதான்.

திருச்சிக்காரர் இயந்திரத்தைத் திரும்ப வண்டியில் ஏற்றச் சொல்லி ஆட்களுக்குச் சைகை காட்டினார். வேண்டாம், அடிச்சிட்டுப் போங்க என்றேன். அறையிலிருந்த கட்டிலை நானே வெளியே இழுத்துப் போட்டேன். வாடை வரும், தள்ளிப் போய் இருங்க என்று அவர் இரண்டு முறை சொன்னார். நான் போகவில்லை. முதல் ஓட்டையிலிருந்து கடைசி ஓட்டை வரைக்கும் சுவருக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன்.