என் சகலை வேகவைத்த மண்

என் சகலை கை கழுவுவதற்கு முன்னால் சோப்பைக் கழுவுகிற ஆள். மிகைப்படுத்தவில்லை. சோப்பைப் புரட்டிப் புரட்டி அலசுவார், குழாயின் திருகை அலசுவார், அதற்குப் பிறகுதான் கை. குடும்பத்தில் அவருக்கு 'வெந்நீர்' என்றே பெயர். அவர் தெருமுனையில் திரும்பினாலே பிள்ளைகள் நகத்தைப் பார்த்துக்கொள்ளும்.

காரணம் இல்லாமல் இல்லை. மீசை முளைத்ததிலிருந்து அது நரைக்கும் வரை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் பாய்லர் பார்த்தவர். நோயாளியின் படுக்கை விரிப்பு, டாக்டரின் அங்கி, எல்லாம் அவர் திறந்துவிடும் ஆவியில் வெந்துதான் வெளியே வரும். கண்ணுக்குத் தெரியாத உயிரெல்லாம் எதிரி, எதிரியை வேகவைத்தால் தீர்ந்தது, அவ்வளவுதான் அவர் படிப்பு. அவர் வெளுத்த துணியால் ஒருத்தருக்கும் புண் சீழ் பிடித்ததில்லை என்பார். நான் பெருமை பேசுகிறவன் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு பேச்சு வரும்போது மட்டும் நானே வாயை மூடிக்கொள்வேன்.

ஒருநாள் ஆஸ்பத்திரி சலவை வேலையை வெளியாளிடம் கொடுத்துவிட்டது. பாய்லரைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். சகலை வீட்டில் உட்கார்ந்தார். மகளும் மாப்பிள்ளையும் எங்களோடு வந்து இருங்கள் என்று கூப்பிட்டார்கள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் மருமகன் வீட்டில் அவர் சம்பாத்தியத்தில் சாப்பிட்டுக்கொண்டு, டி.வி. சேனல் மாற்றுவதற்கும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பது என்றால் சகலைக்குச் சாவதற்குச் சமம். அதனால் என்னிடம் வந்தார்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். தலையில் மண் சுமந்து, தள்ளுவண்டியில் பூச்செடி விற்று, எலுமிச்சை நாற்றென்றால் என்னிடம்தான் வரவேண்டும் என்ற நிலைக்கு வந்தவன். என் கையெழுத்தைப் பார்த்து பேங்க் அம்மா சிரிக்கும். ஆனால் இலையைப் பார்த்துச் செடிக்கு என்ன குறை என்று சொல்ல என்னை அடிக்க ஆள் கிடையாது.

அதற்கு முந்தின வருஷம் நாற்றழுகல் வந்து என் இளங்கன்றுகள் பாத்தி பாத்தியாகச் சாய்ந்திருந்தன. சகலை அதைக் கேட்டதும் முகம் மலர்ந்தார்.

"மண்ணும் அழுக்குத் துணியும் ஒண்ணுதான் அண்ணே. வேகவெச்சு எடுத்தா நோயாவது ஒண்ணாவது. அதை என்கிட்ட விடுங்க."

விட்டேன். எங்கிருந்தோ ஒரு குட்டி பாய்லர் பிடித்து வந்தார். பாத்திக்குள் ஓட்டை போட்ட குழாய்களைப் பதித்து, மேலே தார்ப்பாய் மூடி, குழந்தைக்குப் போர்வை செருகுவது போல ஓரமெல்லாம் செருகி, ஆவியைத் திறந்தார். மண் வெந்த வாசனை தெரு வரை வந்தது. நிழல்வலைக் கூடத்தின் வாசலில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டி ஒன்றை வைத்தார். வேலையாள், விருந்தாளி யாராக இருந்தாலும் அதில் காலை முக்கித்தான் உள்ளே போகவேண்டும். நான் மட்டும் முக்கவில்லை. என் தோட்டத்துக்குள் போக நான் எவனிடம் கால் கழுவி அனுமதி வாங்குவது? பழைய எலுமிச்சைத் தோப்பைச் சுற்றிவிட்டு நேராகப் பின்வாசல் வழியாக உள்ளே போவேன். அவர் பார்த்தும் பார்க்காதது போல் இருப்பார்.

விதை போட்டோம். முளைப்பு என்றால் அப்படி ஒரு முளைப்பை நான் கண்டதில்லை. ஒன்றுகூடச் சாயவில்லை. சகலை கூடத்துக்குள் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். பெரிய தோட்டக் கம்பெனி ஒன்று மழைக்காலம் முடிந்ததும் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வதாகப் பேசிவிட்டுப் போனது.

அதற்கப்புறம் செடி நின்றுவிட்டது.

சாகவில்லை, சாயவில்லை. விரல் உயரத்தில் அப்படியே நின்றது. புது இலை விடவில்லை. இருந்த இலையும் வெளிறிப்போனது. பாஸ்பரஸ் என்கிற மணிச்சத்துக் குறை என்று நான் கண்டுபிடித்தேன், கண்டுபிடித்தது சரிதான். உரத்தைக் கொட்டினேன். ஒரு அசைவும் இல்லை. இன்னும் கொட்டினேன். பொம்மைக்கு ஊட்டுவது போல் இருந்தது.

அதிலும் ஒரு கூத்து. பின்வாசலை ஒட்டிய பாத்தியில், செங்கல் ஓரமாக, ஒரு கைப்பிடிச் செடிகள் மட்டும் முழங்கால் உயரத்துக்குக் கரும்பச்சையாக எழுந்து நின்றன. அதே விதை, அதே தண்ணீர், அதே வெந்த மண். அதை முதலில் பார்த்தபோது குந்தி உட்கார்ந்து இலை இலையாகப் புரட்டிப் பார்த்தேன். இத்தனை வருஷம் மண்ணில் புரண்டவனுக்கு இது என்னவென்று தெரியவில்லை என்பதே பெரிய அடி.

வேலையாட்கள் சும்மா இருப்பார்களா? ஆஸ்பத்திரிக் கை பட்டால் செடியும் படுத்துக்கொள்ளும் என்று ஒருத்தன் சொன்னது சகலை காதில் விழுந்தது. அன்று மாலை எங்கள் வீட்டில் அவர் தங்கியிருந்த அறைக்குப் போனேன். கட்டிலின் மேல் பெட்டி திறந்திருந்தது. சட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மகளுக்குப் போன் பண்ணிட்டேன் அண்ணே. கம்பெனிக்காரங்க வர்ற அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டேன்."

"அது வரைக்கும் எதுக்கு இருக்கே?"

"அவங்க வந்து திட்டும்போது நீங்க தனியா நிக்கக் கூடாதில்ல. நான்தானே வேகவெச்சேன்."

மறுநாள் காலையில் குட்டைச் செடி ஒன்றும் நெட்டைச் செடி ஒன்றும் வேரோடு எடுத்து ஈரச்சாக்கில் சுற்றி, அவரையும் இழுத்துக்கொண்டு மண் பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். அங்கே இருந்த அம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். வேர்களை மருந்தில் அவித்துச் சாயம் ஏற்றவேண்டும் என்று சொல்லி, அடுத்த நாள் வரச்சொன்னார். போனதும் எங்களை உருப்பெருக்கியின் முன்னால் உட்காரவைத்தார்.

முதலில் குட்டைச் செடியின் வேர். கண்ணாடிக் குழாய் போல் இருந்தது. எட்டிப் பார்த்த சகலைக்கு அத்தனை நாளுக்குப் பிறகு முகத்தில் ஒரு வெளிச்சம்.

"எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க மேடம்."

"அதுதாங்க ஐயா பிரச்சினை."

கண்ணாடித் தட்டை மாற்றினார். இது நெட்டைச் செடியின் வேர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேருக்கு உள்ளேயே நீல நீலமாக நூல் ஓடுகிறது. நடுநடுவே ஊதின பலூன் போல உருண்டைகள். ஏதோ வியாதிதான் இப்படிக் குடியேறியிருக்கிறது என்று நினைத்துக் கண்ணை எடுத்துவிட்டேன். அது வேர் உட்பூசணம் என்றார் அந்த அம்மா. பூசணம் என்றால் பழைய ரொட்டியில் பூப்பது என்றுதான் எனக்குத் தெரியும். அதை ஒழிக்க மருந்து வாங்கியே பாதி ஆயுசைக் கழித்தவன் நான். அது செடிக்குள் குடியிருந்துகொண்டு, வேர் எட்டாத மண்ணிலெல்லாம் நூல் விட்டு, மணிச்சத்தை இழுத்துக்கொண்டு வந்து செடிக்குக் கொடுக்கிறதாம். கூலியாக இலை சமைக்கும் சர்க்கரையில் பங்கு வாங்கிக்கொள்கிறதாம். எலுமிச்சை வேருக்கு மயிர் போன்ற தூவி ரொம்பக் கம்மி, இந்தத் துணை இல்லாவிட்டால் அது தடுமாறிப்போகும் என்றார்.

"நீங்க போட்ட உரம் மண்ணுலயே பிடிச்சுக்கிட்டு அங்கேயேதான் இருக்கு ஐயா. சாப்பாடு மேசை மேல இருக்கு, குழந்தைக்குக் கை எட்டல. எட்டி எடுத்துக் கொடுக்கறவங்களை நீங்க வேகவெச்சுட்டீங்க."

சகலை நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்க எதிரி என்று எதை அவித்தாரோ அதில் உறவுக்காரனும் இருந்திருக்கிறான் என்றால் யாருக்குத்தான் தாங்கும்? ஆவி காட்டியது தப்பில்லை, அழுகல் நோய் போனதே, போனதைத் திரும்பக் கொண்டுவராமல் விட்டதுதான் குறை என்று அந்த அம்மா பக்குவமாக எடுத்துச் சொன்னார். அது அவர் காதில் ஏறினதாகத் தெரியவில்லை.

"சரி, இந்த நெட்டைச் செடிங்க எந்த இடத்துல நிக்குது?"

"பின்வாசல் ஓரம்" என்றேன்.

"அங்க என்ன நடக்கும்?"

சகலை மெதுவாகத் திரும்பினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தார்.

"அங்க ஒருத்தர் தினமும் தோப்புச் சேத்தோட வந்து செங்கல்லுல செருப்பைத் தேய்ப்பாருங்க மேடம்."

அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, அதேதான் என்றார். நான் அசந்துபோய் உட்கார்ந்திருந்தேன். என் செருப்புச் சேற்றில் அவ்வளவு உயிர். அது பட்ட இடமெல்லாம் செடி எழுந்திருக்கிறது. இதில் பெருமைப்படாமல் வேறு எதில் பெருமைப்படுவது? அந்த நேரத்தில் மட்டும் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

வழியும் அவரே சொன்னார். தோப்பில் நோய் இல்லாத மரங்களாகப் பார்த்து வேரடி மண் கொண்டுவரச் சொல்லி, சோதித்து, மூன்று மரத்தின் மண்ணைத் தள்ளிவிட்டு மீதிக்குச் சரி என்றார். அந்த மண்ணைப் பொடி வேரோடு செடிகளின் பக்கத்தில் பள்ளமாகக் காடி கிழித்து இடவேண்டும். நான் கொட்டிய உரத்தை அடியோடு நிறுத்தவேண்டும். தீனி தாராளமாகக் கிடைத்தால் பூசணம் வேருக்குள் வராதாம்.

கூலியாளை விட்டு இட்டுவிடலாம் என்றேன். சகலை ஒப்பவில்லை. அவிச்சது நான்தானே என்றார். கூடையின் முன்னால் குந்தி, வெறுங்கையை மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு மணிக்கட்டு வரை உள்ளே விட்டார். விட்டபோது கண்ணை மூடிக்கொண்டார்.

சில வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நூல் வேருக்குள் போய்ச் சேர நேரம் பிடிக்கும் என்று முன்னமே சொல்லியிருந்தார்கள். எனக்குத்தான் பொறுமை கிடையாது, நிலையத்துக்குப் போன் போட்டுப் போட்டு அந்த அம்மாவைப் பிடுங்கி எடுத்தேன். ஒருநாள் விடிகாலையில் என் மனைவி வந்து உலுக்கினாள். கூடத்துக்கு ஓடினேன். ஒவ்வொரு செடியின் நுனியிலும் அரிசியளவு புதுக்கொழுந்து. இவ்வளவையும் கண்ணுக்குத் தெரியாத ஒன்று செய்திருக்கிறது என்று நினைக்கையில் உடம்பெல்லாம் சிலிர்த்தது. மழைக்காலம் முழுவதும் வளர்ந்ததைச் சொல்லவேண்டாம், துரத்திக்கொண்டு வளர்ந்தன.

கம்பெனி லாரி வந்தது. கடைசிப் பாத்தி மட்டும் உயரம் போதாது, அடுத்த நடைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று ஒதுக்கிவிட்டு மற்றதெல்லாம் எடுத்தார்கள். செடிகளை மண்கட்டியோடு பெட்டியில் அடுக்கி ஏற்றிக்கொண்டிருக்கும்போது மகளும் மாப்பிள்ளையும் காரில் வந்து இறங்கினார்கள்.

"அப்பாவோட பெட்டி எங்க பெரியம்மா?" என்று மகள் கேட்டாள். அதைப் பிரித்து அலமாரியில் அடுக்கியாகிவிட்டது என்றாள் என் மனைவி.

மாப்பிள்ளை மடிப்புக் கலையாத சட்டையோடு மாமனார் அருகில் போனார். "கிளம்பலாமா மாமா?"

சகலை நிமிரவில்லை. முழங்கை வரை மண். ஒரு பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"இங்க தலைக்கு மேல வேலை கிடக்கு. வந்ததுதான் வந்தீங்க, அந்தப் பக்கத்தைப் பிடிங்க மாப்பிள்ளை. மண்கட்டி உடையாம."

நான் திடுக்கிட்டுப் போனேன். எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளை சாப்பிட்ட தட்டை அவரே எடுத்தால்கூடப் பெண்வீட்டாருக்குத் தலைக்குனிவு. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு கார் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக் குனிந்தார்.