வரிகளுக்கு நடுவே இடம்

தொண்ணூறுகளின் கடைசியில் நானும் என் மனைவியும் ஏற்காட்டில், மஞ்சக்குட்டை போகும் சாலையோரம் இருந்த என் மாமனார் வீட்டில் குடியிருந்தோம். அவர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் இருவரும் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர்கள். குவிந்து கிடக்கும் ஈமெயில்களில் ஒரு சொல்லைத் தேடி எடுத்துத் தரும் புரோகிராம் ஒன்றைச் சேர்ந்து எழுதியிருந்தோம். மவுஸுக்கு வேலை இல்லை. கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். புரோகிராமில் பெரும்பகுதி அவளுடையது. அதற்கான விளக்கக் கையேடு என்னுடையது. தெரிந்தவர்கள் சிலர் அதைப் பயன்படுத்தி வந்தார்கள்.

பெங்களூரை விட்டு வந்ததே அவளுக்கு மூளையில் கட்டி என்று தெரிந்ததால்தான். சேலத்தில் ஆபரேஷன் செய்தார்கள். முழுவதையும் எடுக்க முடியவில்லை. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, படிக்கும் திறன்தான் போயிற்று. எழுத்துகள் தெரியும், ஆனால் நெருக்கமான வரிகளில் கண் வழிதவறிவிடும்.

வெளிநாட்டில் இருந்த தங்கை தனக்குக் குழந்தை பிறந்தபோது எழுதிய மெயிலைப் பார்க்க வேண்டுமென்று ஒரு நாள் என் மனைவி கேட்டாள். எடுத்துத் தருகிறேன் என்றேன்.

"வேண்டாமுங்க. நான் எழுதுன புரோகிராம், நானே தேடிக்கறேன்."

கட்டளைகள் அவளுக்கு மறந்து போயிருந்தன. என் கையேட்டைத் திறந்தவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, எறும்பு மொய்ச்சாப்பல ஒரே கறுப்பா இருக்குது. இதுல கட்டளை எங்கீங்க இருக்குது?"

அவள் கேட்டது சரிதான். நீண்ட பத்திகளின் நடுவே கட்டளைகளைப் புதைத்து வைத்திருந்தேன். அன்றே மாற்றி எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு கட்டளையையும் தனி வரியாக, சற்று உள்ளே தள்ளி வைத்தேன். அதன் கீழே ஒரே ஒரு எடுத்துக்காட்டு. வரிகளைச் சிறிதாக்கினேன். காலையில் அவள் படித்துப் பார்ப்பாள். "இங்க இன்னுங் கொஞ்சம் எடம் உடுங்க" என்பாள். விடுவேன். மாமனார் காப்பியோடு வந்து, "இன்னைக்கு எதுவரைக்கும் படிச்சே கண்ணு?" என்று கேட்பார். அவள் விரல் வைத்துக் காட்டுவாள்.

ஒரு காலை, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி அந்த மெயிலை அவளே எடுத்துவிட்டாள். சத்தமாகப் படித்தாள். குழந்தைக்குத் தங்கள் அம்மாவின் மூக்கு என்று தங்கை எழுதியிருந்தாள்.

"பொய்யுங்கப்பா. போட்டோவுல பாத்தேன், உங்க மூக்குத்தான்" என்று சிரித்தாள். மாமனார் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, அப்படியே வெளியே போய்விட்டார். அவர் அழுதது தோட்டத்திலிருந்து கேட்டது.

மழை தொடங்கியபோது எழுத்துகளும் அவளை விட்டுப் போயின. எவ்வளவு இடம் விட்டாலும் பயனில்லை. "நல்லாத்தான் இருக்குதுங்க, எனக்குத்தான் ஒண்ணும் புரியல" என்று ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு பேச்சும் குறைந்தது. மழை விடுவதற்குள் போய்விட்டாள். சர்ச் கல்லறையில் குழிக்குள் ஊறிய தண்ணீரை இறைத்துவிட்டுத்தான் பெட்டியை இறக்கினார்கள்.

சில வாரங்கள் கழித்து, புதிய கையேட்டை எல்லோருக்கும் அனுப்பினேன். படிக்க எளிதாக இருக்கிறது என்று பலரும் எழுதினார்கள். ஒருவர் மட்டும், பிரிண்ட் எடுத்தால் தாள் நிறைய வீணாகிறது, வெற்றிடத்தைக் குறைத்தால் பாதிக்குள் அடங்கிவிடும், வேண்டுமானால் தானே செய்து தருவதாக மரியாதையாக எழுதியிருந்தார்.

அப்படியே இருக்கட்டும் என்று மட்டும் பதில் எழுதினேன்.