தலைகீழ் முயல்

காஜா பெராங்கில் எங்கள் பக்கத்து அறையில் ஓர் ஆயா குடியிருந்தார். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்ததும் அவர் வேலை பார்த்த துரை குடும்பம் கப்பலேறிவிட்டது. அவர் வளர்த்த குழந்தையின் பழைய படப் புத்தகம் ஒன்று மட்டும் அவரிடம் தங்கிவிட்டது.

பகலெல்லாம் ஊரார் துணி துவைத்து ஓய்ந்துபோய் வருவார். வெளிறிச் சுருங்கிய விரல்களால் அந்தப் புத்தகத்தைப் பாயில் வைத்துப் புரட்டுவார். எப்போதும் தலைகீழாக.

ஒருநாள் பொறுக்காமல், "இப்படிப் பாருங்கக்கா" என்று நேராகத் திருப்பி வைத்தேன். குடை பிடித்த முயலை யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"வேணாம்லா தம்பி. புத்தகம் பாப்பா மடியில இருக்கும். நான் எதிர்ல உக்காந்து கஞ்சி ஊட்டுவேன். எனக்கு முயல இப்படித்தான் தெரியும்."

மறுபடி தலைகீழாக்கி, சற்றுத் தள்ளி வைத்தார். புத்தகத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.