ராமாத்தாள் காட்டிய குழிகள்

சிங்கப்பூரில் பி.ஏ. முடித்துத் திரும்பிய 1950-இல், போரில் குண்டு விழுந்து பாழான மலாக்கா விமானத் திடலைச் சீரமைக்கிற இடத்தில் எனக்கு மொழிபெயர்க்கும் வேலை கிடைத்தது. எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். தெரியாதது எதுவும் இல்லை என்கிற நினைப்பில் நின்றிருந்த என்னிடம், செம்மண் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒரு பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். பெயர் ராமாத்தாள்.

"தம்பி, துரைகிட்ட பேசுறவரு நீங்கதானே? இந்தப் புல்லுக்கு அடியில குழிங்க இருக்கு."

ஜப்பான்காரன் காலத்தில் குண்டுக் குழிகளை மூடிய கூலிகளில் அவரும் ஒருவர். தோட்டத்துப் பாதையில் பள்ளம் விழுந்தால் செய்வதைப்போல ரப்பர் மரத்துண்டுகளைப் போட்டு மேலே மண் கொட்டியிருக்கிறார்கள். இந்நேரம் மரம் மக்கியிருக்கும். அடுத்த மாதம் விமானம் இறங்கவேண்டும்.

"துரைகிட்ட சொல்லிடலாம்க்கா."

"ஜப்பான்காரனுக்கு வேலை செஞ்சவள்னு என்னைக் கப்பல் ஏத்திட்டா? கம்யூனிஸ்ட்னு சந்தேகப்பட்டாலே நாடு கடத்துற அவசரகாலம்லா தம்பி. இந்தியாவுல எனக்கு யாரு இருக்கா? பொறந்ததே இங்கதான்."

"அதெல்லாம் நடக்காது" என்றேன். எந்தச் சட்டத்தையும் படித்துவிட்டுச் சொன்னதல்ல.

சீரமைப்பை நடத்திய வெள்ளைக்காரத் துரையிடம் அவரை அழைத்துப்போய்ச் சொன்னேன். எத்தனை குழி என்று துரை கேட்டார். தமிழில் கேட்டேன்.

"எது? ஜப்பான்காரன் குண்டு போட்டதா, வெள்ளைக்காரன் போட்டதா?"

அதைத் துரையிடம் எப்படிச் சொல்வது? "சரியாக நினைவில்லையாம்" என்று சமாளித்தேன்.

முதலில் காட்டிய இடத்தைத் தோண்டினால் கெட்டி மண். கூலிகளை மேற்பார்க்கும் மண்டோர் சாமிக்கண்ணு சிரித்தார். "புதையல் ஏதும் இருக்கா பாரு ராமாத்தா!"

"இங்க ஒரு தென்னை நின்னுச்சே..." என்று ராமாத்தாள் திரும்பித் திரும்பிப் பார்த்தார். இருபது அடி தள்ளி மண்வெட்டி பொசுக்கென்று இறங்கியது. மக்கிய மரத்தின் நாற்றம். சாயங்காலத்துக்குள் ஒன்பது குழிகள்.

துரை பாராட்டவுமில்லை, திட்டவுமில்லை. ராமாத்தாளின் ஐ.சி. அடையாள அட்டையை வாங்கி, பெயரையும் எண்ணையும் எழுதிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

"எதுக்கு எழுதுறாரு தம்பி? பரிசுக்கா, போலீசுக்கா?"

துரையைக் கேட்டேன். "தேவைப்படும்" என்றார். அவ்வளவுதான்.

குழிகளைக் கல்லால் நிரப்பினார்கள். விமானம் பத்திரமாக இறங்கியது. எல்லோரும் கை தட்டினோம். ராமாத்தாள் மட்டும் வாசலில் நின்ற போலீஸ்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். துரை மாற்றலாகிப் போனார்.

ஐந்து வருடமாகிறது. பரிசும் வரவில்லை, போலீசும் வரவில்லை. ராமாத்தாள் இப்போது சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டமொன்றில் ரப்பர் பாலெடுக்கப் பால்மரம் வெட்டுகிறார்.