இரண்டு விதமாகப் படிக்கப்படும் பகுதி

தென்கோளத் தீவு ஒன்றில் இருக்கும் பீனிக்ஸ் ஊரின் ஜூலைக் குளிர் இந்தியாவிலிருந்து வந்தவர்களிடம் ஈவிரக்கம் காட்டாது. பின்னலாடைத் தொழிற்சாலைகளுக்குப் போகும் பெண்கள் காலைப் பேருந்து முழுக்க இருமிக்கொண்டே வருவார்கள். "லாக்ரிப்" என்று, ஃப்ளூவைத் தீவின் கிரியோல் மொழியில் சொல்லிச் சலித்தபடி மூக்கைச் சிந்துவார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நானும் அந்த லாக்ரிப்பைக் கட்டிக்கொண்டுதான் அழுதேன். என்னுடையது காகிதத்தில் இருந்த ஃப்ளூ வைரஸ்.

நான் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்த உயிரியல் ஆசிரியை. பள்ளி விட்டதும் பல்கலைக்கழகத்துக்குப் போய், வைரஸின் மரபணுக்களில் கோடான்களை எண்ணுவேன். கோடான் என்பது மூன்றெழுத்துச் சொல். ஒரே அமினோ அமிலத்துக்குப் பல கோடான்கள் உண்டு. ஆனால் வைரஸ் சிலவற்றைத்தான் அதிகம் எடுத்தாளும். ஒரே சாமானைப் பல கடைகளில் விற்றாலும் நாம் பழகிய கடைக்கே போவதில்லையா, அதுபோல. பறவைகளிடம் இருக்கும் வைரஸுக்கு ஒரு பழக்கம். மனிதர்களிடம் நெடுங்காலம் இருந்த வைரஸுக்கு வேறு பழக்கம். அந்த மாற்றத்தை என்னால் காட்ட முடியும் என்று நம்பினேன்.

என் ஒப்பந்தம் முடியப்போகும் நேரம். பிரான்ஸிலிருந்து வரும் பேராசிரியர் ஒருவர் என் உரையைக் கேட்பார், பிடித்திருந்தால் தம் ஆய்வுக்கூடத்தில் இடம் தருவார் என்றார்கள். இருந்தது ஒரே இடம். கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய், ஆராய்ச்சியை மறந்துவிட வேண்டியதுதான்.

நான் போய்வந்த பல்கலைக்கழகத் துறையில் தஞ்சாவூர்ப் பக்கத்து விரிவுரையாளர் ஒருத்தி இருந்தாள். என்னைவிட மூத்தவள், அதனால் அக்கா. நான் வந்த புதிதில் காய்ச்சலில் கிடந்தபோது ரசம் வைத்துக் கொண்டுவந்தவள். ஆய்விதழ்களின் நகலிலிருந்து மரபணு எழுத்துகளை அவள் மும்மூன்றாக, வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல வாசிப்பாள். நான் கணினியில் தட்டுவேன்.

ஒருநாள் ஒரு மரபணுத் துண்டில் எனக்குச் சந்தேகம் வந்தது. அந்தத் துண்டிலிருந்து இரண்டு புரதங்கள் உருவாகின்றன. நடுவில் கொஞ்ச தூரம் ஒரே எழுத்துகளை இரண்டும் இரண்டு விதமாகப் படிக்கின்றன. ஒன்றுக்காக ஓர் எழுத்தை மாற்றினால் மற்றது கெட்டுப்போகலாம். அங்கே வைரஸுக்குத் தன் பழக்கப்படி கோடானைத் தேர்ந்தெடுக்க இடமில்லை.

"அக்கா, இந்தப் பகுதியை எடுத்துடட்டுமா?"

"எதுக்குடி? இருக்கட்டும். வெட்டிப்போட்டா வேலை சின்னதாத் தெரியும்."

அக்கா சொன்னால் எனக்கு மறுபேச்சு கிடையாது. விட்டுவிட்டேன்.

உரை நன்றாகவே போனது. பேராசிரியர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கேள்வி நேரத்தில் முதலில் எழுந்தவள் அக்கா.

"இரண்டு புரதங்களும் பகிர்ந்துகொள்ளும் பகுதியை நீங்கள் ஏன் நீக்கவில்லை?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "அங்கே வைரஸுக்குக் கட்டாயம்தானே இருக்கிறது? அதை எப்படிப் பழக்கம் என்று எண்ணினீர்கள்? இது அடிப்படை ஆயிற்றே."

நீங்கதானே இருக்கட்டும்னு சொன்னீங்க என்று சொன்னால், சொந்தப் புத்தி இல்லாதவள் என்று ஆகிவிடும். சரிபார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். பேராசிரியர் அவள் பக்கம் திரும்பி, அருமையான கேள்வி என்றார். மறுவாரம் இடம் அவளுக்குக் கிடைத்தது. அவளும் விண்ணப்பித்திருந்தாளே, உங்களுக்குத் தெரியாதா என்று துறைத்தலைவர் என்னிடமே ஆச்சரியப்பட்டார்.

அந்தப் பகுதியை நீக்கிவிட்டு மறுபடி எண்ணிப் பார்த்தேன். மாற்றம் முன்போலவே தெளிவாகத் தெரிந்தது. அதை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? பேராசிரியர் விமானம் ஏறிவிட்டார்.

கடைசி முறையாகப் பல்கலைக்கழகத்திலிருந்து திரும்பியபோது அக்கா பேருந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கோவமாடி? உனக்கு இன்னும் வயசிருக்கு. எனக்கு இதை விட்டா வேற வழியில்லடி."

அந்த நாட்டில் மனம்விட்டுத் தமிழ் பேச எனக்கு இருந்தவள் அவள் ஒருத்திதான்.

"பா க்ராவ், மதாம்," என்றேன் கிரியோலில். பரவாயில்லை, மேடம். காலை மிதித்துவிட்ட முன்பின் தெரியாதவர்களிடம் சொல்வது.

அக்கா எழுந்து, தன் நிறுத்தம் வருவதற்கு முன்பே இறங்கிவிட்டாள்.