கன்னத்தில் ஒதுக்கிய அதிமதுரம்

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் முதலுதவி அறையில் நான் நர்ஸ். பஃபிங் மெஷினில் தோல் தேய்க்கும் ஒருவர் மாதம் ஒருமுறை பிரஷர் பார்க்க வருவார். புருவத்திலும் காது மடலிலும் தோல் தூசி பழுப்பாகப் படிந்திருக்கும். ஒரு பக்கக் கன்னம் எப்போதும் புடைத்திருக்கும். பாக்கு என்றே நினைத்திருந்தேன்.

டாக்டர் மாத்திரையைக் கூட்டியும் பிரஷர் இறங்கவில்லை. கால் வேறு வீங்கியது. ஒருநாள், "வாயில இன்னாண்ணா?" என்று கேட்டேன்.

"அதிமதுரம் சிஸ்டர். தூசிக்குத் தொண்ட கமறுது. இத மென்னுக்கினே இருந்தா இருமல் வராது."

"வேற மருந்து எதுவும் சாப்பிடலன்னு சொன்னீங்களே?"

"இது மருந்தா? வேருதானே!"

நாளெல்லாம் மென்றால் பிரஷர் ஏறும், காலில் நீர் கோத்துக்கொள்ளும் என்று விளக்கி, நிறுத்தச் சொன்னேன்.

அவர் முகம் வாடியது. "இருமுனா சூப்பர்வைசர் வீட்டுக்கு அனுப்பிடுவாரு சிஸ்டர்."

"உயிர் வேணுமா, வேணாமா?" என்று அதட்டினேன். வேரை எடுத்து என் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் பிரஷர் இறங்கியிருந்தது. வீக்கமும் இல்லை. ஆனால் கையில் பிரஷர் பட்டையைக் கட்டுவதே பெரும்பாடாகிவிட்டது, அப்படி இருமினார். "பாத்தீங்களா, நல்லாயிடுச்சு" என்றேன், சந்தோஷமாக.

அதற்கடுத்த மாதம் அந்த மெஷினில் வேறொருவர் நின்றுகொண்டிருந்தார்.

தூசியைப் பற்றி நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அவருடைய சீட்டு இன்னும் என் மேஜையில் இருக்கிறது. கடைசி வரியில், என் கையெழுத்தில், 'நார்மல்'.