பேரை மாத்துனீங்க, வெளக்க மாத்தல

1. தலைவர்

ஆராய்ச்சிக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பதும் வழிகாட்டுவதும்தான் என் வேலை. ஆங்கிலத்தில் ஃபீல்ட் அசிஸ்டன்ட் என்பார்கள். இலங்கை மலையகத்தில், நோர்வூட்டைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் என்னைக் ‘கேள்வி அக்கா’ என்பார்கள். இரண்டும் ஒன்றுதான். இரண்டாவதில் கொஞ்சம் எரிச்சல் இருக்கும்.

முதல் நாள் ஒரு தோட்டத்துக்கு நான் போனது நிலந்தி மேடத்தோடு. கொழும்பிலிருந்து வந்த பொருளாதார ஆய்வாளர், சிங்களப் பெண். நல்ல மனுஷி, ஆனால் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் படிகளில் ஹீல்ஸ் செருப்போடு ஏறினார். கேள்விப் படிவத்தைக் கொழும்பிலேயே யாரோ தமிழில் பெயர்த்து அச்சடித்திருந்தார்கள். அதில் உள்ளபடியே ஒரு சொல்கூட மாற்றாமல் வாசிக்க வேண்டும் என்பது மேடத்தின் உத்தரவு.

முதல் கேள்வி, “உங்கள் தலைவர் யார்?” வீட்டுத் தலைவரைத்தான் கேட்க நினைத்திருக்கிறார்கள். தோட்டத்தில் தலைவர் என்றால் ஒரே ஆள்தான், தொழிற்சங்கத் தலைவர். ஆகவே லயத்து அறைகளில், முதல் காம்பரா முதல் கடைசிக் காம்பரா வரை எல்லாப் பெண்களும் ஆறுமுகம் என்றே சொன்னார்கள். சாயந்திரம் மேடம் தாள்களை அடுக்கிப் பார்த்துவிட்டு, இந்த ஆறுமுகத்துக்கு எத்தனை குடும்பங்கள் என்று மெதுவாக என்னிடம் கேட்டார். விளக்கிச் சொன்னேன். மறுநாளிலிருந்து சொற்களை மாற்றிக்கொள்ள அனுமதி கிடைத்தது, செருப்பும் மாறியது.

2. ஃபாதரும் மாரியும்

அந்தத் தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கு நான் அடிக்கடி போனேன். பல துறை ஆய்வாளர்களும் அங்கேதான் வந்து விழுந்தார்கள். பஸ் போகும், அருவி தெரியும், ஃபோனுக்கு சிக்னல் உண்டு. வறுமை எல்லா இடத்திலும் இருக்கிறது, சிக்னல் இல்லையே.

அங்கே தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் சின்ன மாரியம்மன் கோயில் ஒன்று உண்டு. தினமும் மலையிலிருந்து இறங்கியதும் அதில் விளக்கு வைப்பவர் புஷ்பம். கொழுந்து பறிப்பவர், ஐம்பதைத் தாண்டியவர், கணவர் இல்லை. மகன் கொழும்பில் கடையொன்றில் வேலை. மருமகளும் கைக்குழந்தையும் அவரோடு லயத்தில் இருந்தார்கள்.

அந்தக் கோயிலுக்காகவே வந்தவர் ஃபாதர். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குருவானவர். வெளிநாட்டில் இறையியலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். மலையகத் தெய்வங்கள் அவருடைய ஆய்வு. தமிழருக்குத் தமிழரிடம் மொழிபெயர்ப்பாளர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பேசலாம் என்ற பொருளில் அவர் “கதைப்பம்” என்று சொன்னபோது, கதை சொல்லப் போகிறார் என்று சிறுவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அதனால் என்னை வைத்துக்கொண்டார்.

அம்மன் உருவமுள்ள கடவுளா, உருவமற்ற பரம்பொருளின் வெளிப்பாடா என்று புஷ்பத்திடம் கேட்டார். புஷ்பம் விளக்குத் திரியைக் கிள்ளிக்கொண்டே பதில் சொன்னார்.

“அது மாரி ஃபாதர். கோவம் வந்தா புள்ளைங்களுக்கு அம்மை போடும். கோவம் வராமப் பாத்துக்கிறோம். வேற ஒண்ணுமில்ல.”

ஃபாதர் இதை நெடுநேரம் எழுதினார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்த்தேன். பாதி லத்தீன்.

3. தவளைத் தொரை

மூன்றாமவர் லூகாஸ், சூழலியல்காரர். நெட்டையான வெள்ளைக்கார இளைஞர். தவளைகளை எண்ண வந்தவர். ஓடையில் குப்புறப் படுத்துக்கொண்டு காதை நீட்டிக் கேட்பார். எழும்போது இரண்டு கால்களிலும் அட்டைகள் தொங்கும், அவற்றையும் எண்ணிக்கொள்வார். தோட்டத்தில் அவருக்குத் தவளைத் தொரை என்று பேர் வைத்துவிட்டார்கள்.

மேலே காட்டு ஓரத்தில் தவளைகள் கத்தின. கீழே, லயத்துக்குத் தண்ணீர் தரும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. ஏன் என்று பலரிடமும் கேட்டார். எல்லோரும் தெரியாது என்றார்கள். தெரியாமல் இல்லை, தோட்டத்து மானேஜர் தொரை காதுக்குப் போகும் என்ற பயம். புஷ்பம் மட்டும் சொன்னார். புல்லுக்கு மருந்தடிப்பவர்கள் தொட்டிக்கு மேலே ஓடையிலேயே கேனைக் கழுவுகிறார்கள், அந்தத் தண்ணீரைத்தான் பேரக்குழந்தைக்கும் காய்ச்சிக் கொடுக்கிறோம் என்றார். நான் அதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன்.

லூகாஸ் ஊருக்குத் திரும்பினார். ஆய்வுக் கட்டுரை வெளிவர வருடங்கள் ஆகும் என்பதால், அவசரப்பட்டு இணையத்தில் சிறு கட்டுரை ஒன்றை எழுதினார். நல்லெண்ணத்தில்தான் எழுதினார். அதை ஒரு பத்திரிகை தமிழில் போட்டது. தோட்டத்தின் பேர் இல்லை. புஷ்பத்தின் பேரையும் கமலா என்று மாற்றியிருந்தார். அடுத்த வரியிலேயே, நோர்வூட்டுக்கு மேலே அருவிக்கு அருகில், பீலியோரக் கோயிலில் தினமும் விளக்கேற்றும், ஐம்பதைத் தாண்டிய, கொழுந்து பறிக்கும் விதவை என்று எழுதியிருந்தார். வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, பேரை மட்டும் சொல்லாமல் போயிருந்தார்.

4. விளக்கு

பத்திரிகை மானேஜரின் மேசைக்குப் போனது. அவர் அந்தத் தோட்டத்துக்குப் புதிது, மேல் டிவிஷன் பக்கம் அதிகம் வராதவர். கம்பெனிக்காரர்கள் அவரைத் தொலைபேசியில் வாட்டியெடுத்திருக்கிறார்கள். அந்தப் பெண் யார் என்று கண்டுபிடிக்கும்படி, வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையிடம் சொன்னார். கணக்கப்பிள்ளையும் வேறு டிவிஷனிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். கண்டுபிடித்தால் தோட்டத்துக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்ததாகச் சொல்லிப் பேரை வெட்டிவிடுவார்கள் என்ற பேச்சு காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்திலேயே கிளம்பிவிட்டது. பேரை வெட்டினால் வேலை போகும், பின்னாலேயே லயக் காம்பராவும் கேள்விக்குறியாகும்.

மொழிபெயர்த்தது நான்தானே. லூகாஸுக்கு ஃபோன் செய்தேன். பேரை மாற்றினேனே, பேரை மாற்றினேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னார், பாவம். புஷ்பத்தைத் தேடி மலைக்குப் போனேன். பத்து மணித் தேத்தண்ணிக்குப் பெண்கள் கூடையை இறக்கி வைத்திருந்தார்கள். கொஞ்ச நாளைக்கு விளக்கு வைக்காமல் இருக்கும்படி புஷ்பத்திடம் சொன்னேன். விளக்கு அணைந்து கிடந்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும் என்றார் அவர். அதுவும் சரிதான்.

அப்போதுதான் ராசம்மா வாயைத் திறந்தார். ராசம்மா புஷ்பத்தின் பக்கத்துக் காம்பராக்காரி. கோழி ஒன்று காய்கறிப் பாத்தியைக் கிளறிய விவகாரத்தில் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திப் பல மாதங்கள் ஆகியிருந்தன. இப்போதும் புஷ்பத்தின் முகத்தைப் பார்க்காமல், என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

“இன்னிக்கு வெளக்கு நான் வைக்கிறேன். நாளைக்கு இன்னொருத்தி வைக்கட்டும். அப்புறம் யாருன்னு தேடுவாங்க?”

ஏன் என்று நான் கேட்கவில்லை, ஆனால் பதில் வந்தது.

“எங்க சண்ட எங்களுக்குள்ள. தொரைக்கு அதுல பங்கு கெடையாது.”

அன்று சாயந்திரம் ராசம்மா விளக்கு வைத்தார். மறுநாள் வேறொருத்தி. கணக்கப்பிள்ளை தினமும் பீலிப் பக்கம் வந்து நின்றார், தினமும் ஒரு புதுப் பெண்ணைப் பார்த்தார். அவர்களில் ஐம்பதைத் தாண்டிய விதவைகளுக்குப் பஞ்சமேயில்லை. விசாரித்தால், இது அவளோட முறை சாமி என்றார்கள். இந்துப் பெண்கள் ஒரு சுற்று முடிந்ததும், அந்த லயத்திலிருந்த இரண்டு கிறிஸ்தவ வீட்டுப் பெண்களும் வந்து வைத்துவிட்டுப் போனார்கள்.

இடையில் நிலந்தி மேடம் இரண்டாம் சுற்றுக் கணக்கெடுப்புக்கு வந்தார். எல்லா வீடுகளிலும் திடீரென்று தேங்காய் எண்ணெய் வாங்குவது கூடியிருப்பதைப் பார்த்து, விலை ஏறும் என்ற எதிர்பார்ப்பு போலிருக்கிறது என்றார். இருக்கலாம் மேடம் என்றேன்.

ஃபாதரும் அங்கேதான் இருந்தார். தினமும் ஒரு பெண், தினமும் ஒரு விளக்கு. அவர் கண்கள் விரிந்ததை நான் பார்த்தேன். படம் எடுத்தார், முறை கேட்டார், பக்கம் பக்கமாக எழுதினார். யாரும் அவருக்கு விஷயத்தைச் சொல்லவில்லை. நானும்தான்.

5. பங்களாவில்

கடைசியில் மானேஜர் ஃபாதரைத் தேநீருக்கு அழைத்தார். ஃபாதர் என்னையும் கூட்டிப்போனார். கேக் நன்றாக இருந்தது. சுற்றிவளைத்துப் பேசிவிட்டு மானேஜர் விஷயத்துக்கு வந்தார். அந்தக் கோயிலை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை, அங்கே விளக்கேற்றும் பெண் யார் ஃபாதர், என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

குருவானவர் பொய் சொல்ல மாட்டார். நான் கோப்பையைப் பிடித்துக்கொண்டு அவர் வாயைப் பார்த்தேன்.

ஒரு பெண் அல்ல, எல்லோரும் முறை வைத்து ஏற்றுகிறார்கள் என்றார் ஃபாதர். இந்த மாதம் முழுக்க மாலைதோறும் அங்கேதான் இருந்தேன், ஒரே பெண் இரண்டு நாள் தொடர்ந்து ஏற்றி ஒருமுறைகூடப் பார்க்கவில்லை, வேண்டுமானால் படங்கள் காட்டுகிறேன் என்றார். மானேஜர் படங்களைப் பார்த்தார். படங்கள் முடிகிற மாதிரி இல்லை. போன மாதம் எப்படி என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

தேடல் அத்தோடு நின்றது. சில வாரங்களில் மருந்துக் கேன் கழுவுகிற இடமும் சத்தமில்லாமல் ஃபக்டரிப் பக்கம் மாறியது. யார் உத்தரவு என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

அடுத்த முறை வந்தபோது லூகாஸ் நேராகப் புஷ்பத்தின் வாசலுக்குப் போய்த் தலை குனிந்து நின்றார். புஷ்பம் அவரை உட்காரச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்தார். பிறகு நான் மொழிபெயர்த்த வாக்கியம் இது.

“பேரை மாத்துனீங்க தம்பி, வெளக்க மாத்தலயே.”

அதைச் சொல்லும்படி லூகாஸ் இன்னொருமுறை கேட்டார். தொட்டிப் பக்கம் தவளைகள் திரும்பியிருந்தன. நல்ல மழை காரணமாக இருக்கலாம் என்று தன் தாளில் எழுதிக்கொண்டார். இம்முறை மருந்தைப் பற்றி எழுதப் பயந்தார் போலிருக்கிறது, நானும் திருத்தவில்லை.

6. இல்லாத அதிகாரம்

ஃபாதருக்குப் பட்டம் கிடைத்ததும் ஆய்வேட்டில் ஒரு பிரதியை எனக்கு அனுப்பினார். தலையணை கனம். பெண்கள் முறை வைத்து விளக்கேற்றியதைப் பற்றிய அதிகாரத்தைத் தேடினேன். அதற்காகத்தான் அவர் கூடுதலாக ஒரு மாதம் மழையில் நனைந்தார், அதைப்பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் முகம் மலரும். தலையணையை இரண்டு முறை புரட்டிவிட்டேன். இல்லை. ஒரு வரிகூட இல்லை. மற்றத் தோட்டத்துச் சாமிகள் எல்லோரும் இருந்தார்கள்.

ஃபாதருக்கு ஃபோன் செய்து கேட்டேன்.

“அதுதான் நல்ல அதிகாரம் எண்டு எனக்கும் தெரியும் அக்கா. ஆனா அந்த மானேஜருக்கும் இங்கிலிஷ் வாசிக்கத் தெரியுமே.”

விஷயம் எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். இரண்டு கிறிஸ்தவப் பெண்கள் வந்து விளக்கு வைத்த அன்று தெரியும் என்றார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசைக்கே வராதவர்களாம்.

இப்போது புஷ்பம் ஓய்வுபெற்றுவிட்டார், மானேஜரும் வேறெங்கோ போய்விட்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன். பேர்களை மாற்றியிருக்கிறேன். வேறு எதையெல்லாம் மாற்றியிருக்கிறேன் என்று கேட்காதீர்கள்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். புதிதாக வரும் ஆய்வாளரிடம், என்ன எழுதப் போகிறீர்கள் என்று கேட்க வேண்டாம், அதை அவர்களே மணிக்கணக்கில் சொல்வார்கள். எதை எழுதாமல் விடுவீர்கள் என்று கேளுங்கள். கேட்டதும் யோசிக்கிற ஆளை லயத்துக்குக் கூட்டிப் போங்கள். எதையும் விடமாட்டேன், எல்லாவற்றையும் எழுதுவேன் என்று நெஞ்சை நிமிர்த்துகிறவரை நான் ஹட்டன் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்ப் பட்டிப்பொலவுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிடுவேன். அங்கிருந்து மேலே ஏறினால் மலைச் சமவெளியில் மரை மான்கள் மேய்கின்றன. அவற்றைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதட்டும், மரைகளின் பேரை எந்தத் தொரையும் வெட்ட முடியாது.